ஆணியோடு ஒட்டிக் கிடந்த காசு

ஒரு வயலை முடித்துவிட்டதாக ரோலண்ட் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் சங்கத்தில் யாரும் உலோகம் தேடும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகமாட்டார்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பழங்காசு தேடுகிறவர்கள் மத்தியில் அவன் காதுக்கு அப்படி ஒரு பேர். வீட்டு அலமாரியில் அவன் ஜெயித்த கோப்பைகளுக்கு இடம் போதாமல் சாப்பாட்டுத் தட்டுகள் வேறு இடம் தேடிப் போயின.

அவன் மனைவி தெல்மா பல வருஷம் அவன் தேடி முடிக்கும்வரை வண்டியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னியவள். போன வசந்தத்தில் அவன் புது டிடெக்டர் வாங்கினான். பழையது அவள் கைக்கு வந்தது. அவளும் தேடினாள். சில்லறையாக ஏதேதோ கிடைத்தது. ஆனால் சங்கக் கூட்டத்தில் காட்சி மேசையில் வைக்கும்போது ரோலண்டின் கையெழுத்தில் சீட்டு ஒன்று முன்னால் நிற்கும்: ‘ரோலண்ட் தர்ட்டில், மனைவியுடன்.’ மனைவியுடன் என்ற அந்த வார்த்தை இல்லாமல், தன் பேர் மட்டும் போட்டு ஒரே ஒரு பொருளை அங்கே வைத்துவிட வேண்டும். தெல்மாவுக்கு அவ்வளவுதான் ஆசை. யாரிடமும் சொல்லவில்லை.

இலையுதிர்காலத்தில் உழவு முடிந்ததும், “நீ நீள்வயலுக்குப் போ. அங்க ஒண்ணும் இல்ல, நிம்மதியா பழகிக்கலாம்” என்று அனுப்பிவிட்டு அவன் வேலிக்கு அந்தப் பக்கம் போனான்.

ரோலண்ட் எப்போதும் இரும்பை அடக்கி வைத்துத்தான் தேடுவான். இந்த நிலத்தில் தோண்டும் இடமெல்லாம் ஆணி, லாடம், சங்கிலித் துண்டு. ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் இரும்பு வரும்போது டிடெக்டர் வாயே திறக்காது. தெல்மாவுக்கு அந்த நிசப்தம் பிடிக்கவில்லை. கருவி செத்துப்போனதுபோல் இருந்தது. அதனால் அடக்காமலே நடந்தாள். ஹெட்போனில் நாள் முழுக்க இரும்பின் தவளைக் கத்தல்.

பழைய வாசற்கம்பம் இருந்த இடத்தில் ஒரு கத்தல் கேட்டது. அதன் வாலில் மெல்லிய கீச்சொலி ஒன்று, ஈர விரலால் கண்ணாடி டம்ளர் விளிம்பைத் தடவினாற்போல. அவள் சுற்றி வந்து எதிர்ப்பக்கமிருந்து வீசிப் பார்த்தாள். மறுபடியும் அதே கீச்சு. தோண்டினாள். துருப்பிடித்த ஆணி வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு பச்சையாக வட்டமாக ஒன்று. லேசாக அசைத்ததும் ஆணி தனியே விழுந்தது.

ரோலண்ட் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “பொத்தான். குப்பை டப்பால போடு.”

“பொத்தான்னா பின்னால கோக்க வளையம் வேணுமே?”

“உடைஞ்சிருக்கும்.” கட்டைவிரலில் எச்சில் தொட்டுக்கொண்டு அதை வாங்கினான். தெல்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தேய்க்காத. மண்ணுல மணல் இருக்கு, கீறிடும்.”

“என்கிட்டயா சொல்ற?”

“உன்கிட்டதான்.”

வீட்டில் அவன் எலுமிச்சம்பழமும் பழைய பல் பிரஷ்ஷும் கொண்டுவந்து வைத்தான். “ஒரு ராத்திரி சாறுல போடு. காலையில பளபளன்னு இருக்கும்.”

“இருக்கும். மூஞ்சிதான் இருக்காது. போன வருஷம் உன் ஜார்ஜ் ராஜா காசை என்ன பண்ண?”

“அந்தாளு ஏற்கெனவே தேஞ்சுபோய்த்தான் வந்தாரு.”

“நீ மிச்சத்தையும் வழிச்சு அனுப்பிட்ட.”

அவள் ஜாம் பாட்டிலில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை விட்டு, காசை அதில் போட்டு ஜன்னலோரம் வைத்தாள். தண்ணீர் பழுப்பாகும், மாற்றுவாள், மறுபடி பழுப்பாகும். மண் இளகியதும் வேலியிலிருந்து கரிய முள் ஒடித்துவந்து, மதிய வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தாள். ஊசி கூடாது, ஊசி வெண்கலத்தைக் கீறும். முள் என்றால் அழுத்தம் கூடும்போது தானே முறிந்துவிடும். மேலே இருக்கும் மண் மட்டும் போகவேண்டும். அடியில் வழவழவென்று இருக்கும் பச்சைத் தோல் போகக்கூடாது. முகம் அந்தத் தோலில்தான் இருக்கிறது. தோல் போனால் வெறும் தகடு.

முதலில் கிரீடத்தின் கூர்கள் வந்தன. பிறகு மூக்கு. பிறகு தாடியும் கொழுத்த கழுத்தும். அன்று ரோலண்ட் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பூதக்கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தான்.

“கரௌசியஸ்” என்றான். “ரோமை எதிர்த்து இந்தத் தீவை வளைச்சுப்போட்டவன். இந்தக் கழுத்து வேற யாருக்கும் கிடையாது.”

பின்பக்கத்தில் இரண்டு பேர் கைகோத்து நின்றார்கள். முன்பக்கத்தில், முகத்தின் காதருகே மட்டும் ஆணி ஒட்டியிருந்த இடத்தில் துரு ஒரு பொட்டுபோல இருந்தது.

“அதையும் எடுத்திடு. கொஞ்சம்தானே?”

தெல்மா முள்ளை வைத்து அழுத்தினாள். துருவின் ஓரத்தில் கடுகளவு பச்சை பெயர்ந்து முள்முனையில் வந்தது. அவள் முள்ளைக் கீழே வைத்தாள்.

“போதும்.”

“பாதியில நிக்குதே, தெல்மா.”

“துருவுக்கு அடியில தோல் இல்ல. இன்னும் தோண்டினா பள்ளம்தான் மிஞ்சும். இதோட முடிஞ்சுது.”

சங்கக் கூட்டத்தன்று ரோலண்ட் வழக்கம்போலச் சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தான். தெல்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். ‘தெல்மா தர்ட்டில். நீள்வயல்.’ எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது. குறைக்க அவளுக்கு மனமில்லை.

செயலாளர் பெர்னார்டு அதைச் சத்தமாகப் படித்தார். “நீள்வயலா? ரோலண்ட், நீ முடிச்ச வயலாச்சே அது?”

எல்லோரும் சிரித்தார்கள். ரோலண்டின் கழுத்து சிவந்தது. டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “நான் இரும்பை அடக்கி வெச்சுத் தேடினேன். ஆணி பக்கத்துல கிடந்ததால காசும் சேந்து அடங்கிடுச்சு. அவ அடக்கல. சுத்தம் பண்ணதும் அவதான். நான் தொடக்கூட இல்ல.”

“தொட விடல” என்றாள் தெல்மா.

சிறந்த பொருளுக்கான கோப்பை யாருக்கு என்று முடிவுசெய்யும் ஓட்டுக்குச் சீட்டு கிடையாது, பொத்தான்தான். தேடுகிறவர்களுக்கு வயலில் குறையில்லாமல் கிடைப்பது அது ஒன்றே. ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு ஜாடி; பிடித்ததில் ஆளுக்கொரு பொத்தான் போடவேண்டும். தன் ஜாடியில் தானே போட்டுக்கொள்வது மரியாதையில்லை. தெல்மாவின் பூப்போட்ட ஈயப் பொத்தான் இத்தனை வருஷமும் ரோலண்டின் ஜாடியில்தான் விழுந்தது. இந்த முறையும் அவன் வெள்ளிக்காசு ஒன்று வைத்திருந்தான். அவள் அதைத் தாண்டிப் போய், எல்லோரும் பார்க்கத் தன் ஜாடியிலேயே போட்டாள். கணீரென்று சத்தம் கேட்டது.

“தெல்மா, அது உன் ஜாடி” என்றார் பெர்னார்டு.

“தெரியும்.”

ஒரே ஒரு பொத்தான் வித்தியாசத்தில் கோப்பை அவளுக்கு வந்தது.

திரும்பும் வழியில் ரோலண்ட், “வழக்கம்போல என் ஜாடியில போட்டிருந்தா கோப்பை எனக்கு” என்றான்.

“ஆமா.” அவள் தன் ஜாடியிலிருந்த பொத்தான்களை மடியில் கொட்டிக் கிளறினாள். “இந்த நங்கூரம் போட்ட பித்தளை யாரோடது?”

“எத்தனையோ பேர்கிட்ட இருக்கும்.”

“உன்னோடது மாதிரியே வளையம் உடைஞ்சதா?”

அவன் கியரை மாற்றினான்.

அலமாரியில் அவன் இடம் ஒதுக்கிக் கொடுத்தான். அவள் கோப்பையை அங்கே வைக்காமல், ஜாம் பாட்டில் இருந்த ஜன்னலோரத்திலேயே வைத்தாள்.

மறுநாள் காலை இருவரும் நீள்வயலில் நின்றார்கள். ரோலண்ட் டிடெக்டரில் இரும்பை அடக்கும் பொத்தானை அணைத்துவிட்டு நடந்தான். பத்தடி போவதற்குள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

“கர்க் கர்க்னு, சகிக்கல. எப்படி இதைக் கேட்டுக்கிட்டே நாளெல்லாம் நடக்கிற?”

“உன்கூடக் குடித்தனம் பண்றேனே” என்று சொல்லிவிட்டு, தெல்மா முன்னால் நடந்தாள்.