சக்கரத்துக்குத் தெளிக்காத பால்

உப்புத் தேநீர்க் கோப்பையோடு லுவ்சான் ஜன்னல் வழியே பார்த்தான். குடியிருப்பின் முற்றத்தில் எல்லாக் கார்களும் கம்பளி போர்த்திக்கொண்டு பனியில் விறைத்து நின்றன. அவனுடைய ஹைப்ரிட் கார் மட்டும் அங்கே இல்லை. மச்சினன் தோமோரின் சூடான ஷெட்டில் அது சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்க இன்று ஒரு பெண் வருகிறாள்.

லுவ்சான் கெட்டவன் இல்லை. மங்கோலியத் தலைநகர் உலான்பாதரின் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவன். பயணி மறந்துவிட்டுப் போன குல்லாயைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்குப் பின்னால் ஓடுகிற ரகம். ஆனால் கார் விற்கிற விஷயம் வந்ததும் நல்லவர்களுக்கும் நாக்கு மடங்கிவிடுகிறது.

தப்பு எங்கே ஆரம்பித்தது தெரியுமா? அன்பில்தான். பிள்ளைகளுக்குக் குளிரக் கூடாதென்று பின்சீட்டில் கெட்டியான கம்பளி விரிப்பைப் போட்டு, ஓரங்களை நன்றாகச் செருகினான். நம் ஊரில் யார்தான் போடவில்லை? சீட்டின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு சல்லடை இருப்பதும், அது வழியாகத்தான் உள்ளே இருக்கும் பெரிய பேட்டரிக்குக் காற்று போகிறது என்பதும் அவனுக்குத் தெரியாது. விரிப்பு சல்லடையை மூடியது. உதிர்ந்த கம்பளி இழை உள்ளே போய் அடைத்தது. காற்றில்லாமல் வெந்து வெந்து பேட்டரி சோர்ந்துபோனது. போன மாதம் ஒரு மேட்டில் ஏறும்போது சிவப்பு முக்கோண விளக்கு எரிந்து, வண்டி நடுச்சாலையில் நின்றே விட்டது.

பழைய கார்களை வாங்கி விற்கும் தோமோர் வந்து பார்த்துச் சிரித்தான்.

“அத்தான், புது பேட்டரி போட்டு வித்தா உங்களுக்கு என்ன மிஞ்சும்? விளக்கை நான் மெஷின் வெச்சு அழிச்சுத் தர்றேன். கொஞ்ச நாளைக்கு வராது. ராத்திரி என் ஷெட்டுல நிக்கட்டும். காலையில ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கிட்டு கிளம்பும்.”

“அப்புறம் விளக்கு திரும்ப எரிஞ்சா?”

“அப்போ அது யார் வண்டி? உங்க வண்டியா?”

லுவ்சானின் மனைவி சாரன் இதைக் கேட்டுக்கொண்டுதான் பூஸ் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தாள். யாரோ டாக்ஸிக்காரன் தலையில் விழும், அவன் பாடு என்று நினைத்துக்கொண்டாள்.

வந்தவளோ டாக்ஸிக்காரி இல்லை. ஹூலான் என்று பெயர். குளிரில் வெடித்த கன்னம், முழங்கால் வரை தோல் பூட்ஸ். தோமோர் காரை முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அவள் கையுறையைக் கழற்றி முன்மூடியைத் தொட்டாள்.

“சூடா இருக்கே அண்ணே?”

“பின்ன? விருந்தாளிய குளிர்ல நிக்க வெச்சுக்கிட்டா வண்டியைச் சூடாக்குவாங்க? முன்னாடியே சூடாக்கி வெச்சேன்” என்றான் தோமோர்.

அவள் உட்கார்ந்து முற்றத்தைச் சுற்றி ஓட்டினாள். ஒரு விளக்கும் எரியவில்லை. இறங்கி வந்து லுவ்சானைப் பார்த்துச் சிரித்தாள்.

“குதிரை விக்கிறவங்க அதோட கெட்ட குணத்தையும் சேர்த்துச் சொல்லிடுவாங்களே அண்ணே. இது எந்தப் பக்கம் உதைக்கும்?”

லுவ்சான் வாயைத் திறந்தான். அதற்குள் தோமோர் முந்திக்கொண்டான். “இது ஜப்பான் குதிரை தங்கச்சி. மரியாதை தெரிஞ்சது, உதைக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். லுவ்சானும் சிரித்தான். பேரம் முடிந்தது, பணம் கை மாறியது.

கிளம்பும் வண்டி நல்லபடியாகப் போய்ச் சேர, சக்கரத்துக்குப் பால் தெளிக்க வேண்டுமே. சாரன் கிண்ணமும் மரக்கரண்டியுமாகக் கீழே இறங்கி வந்தாள். வழக்கம்போல விசாரித்தாள்.

“ரொம்ப தூரமா தங்கச்சி?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் அக்கா. நான் பிரசவம் பார்க்கிறவ. ஆஸ்பத்திரி ஜீப்பு போன குளிர்காலத்துலயே நடுவழியில நின்னுடுச்சு. நான் நடந்து அந்தப் பிரசவக்காரியோட கூடாரத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள குழந்தை போயிடுச்சு. அந்தத் தாயோட முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது. அதான் சொந்தமா ஒரு வண்டி வேணும்னு வீட்டுல இருந்த ஆட்டையெல்லாம் வித்துட்டேன். இந்த வாரமும் ஒருத்திக்கு நாள் நெருங்கிடுச்சு.”

சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். சாரன் கரண்டியில் பாலை மொண்டாள். கை அப்படியே நின்றுவிட்டது.

“தெளி சாரன்” என்று லுவ்சான் முணுமுணுத்தான்.

“எதைச் சொல்லித் தெளிக்கிறது? நல்லபடியா போய்ச் சேருன்னுதானே சொல்லணும்? போய்ச் சேராதுன்னு நமக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தெளிக்க எனக்குக் கை வரலைங்க.”

கார் நகர்ந்தது. லுவ்சானின் மனக்கண்ணில் பனிவெளி தெரிந்தது. நடுவில் நின்றுபோன ஒரு கார், அதற்குள் விறைத்துப்போன ஒருத்தி, தூரத்தில் ஒரு கூடாரம். குல்லாயைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்குப் பின்னால் ஓடுவானே, அதே ஓட்டம் ஓடினான். உறைபனியில் வழுக்கி விழுந்து, எழுந்து, காரின் பின்மூடியில் இரண்டு கையாலும் அடித்தான்.

“இறங்கும்மா! உதைக்கும்! இந்த வண்டி உதைக்கும்!”

எல்லாவற்றையும் சொன்னான். பின்சீட்டு விரிப்பை அவனே இழுத்துப் போட்டு, கம்பளி இழை அடைத்திருந்த சல்லடையைக் காட்டினான். அழித்த விளக்கைப் பற்றியும், சூடான ஷெட்டைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னான். ஹூலான் முகம் வெளுத்துவிட்டது.

“வழியில நின்னிருந்தா தாய், புள்ள, நான், மூணு உயிர் அண்ணே” என்றாள். எந்த வசவையும்விட அது அவனுக்குச் சுட்டது.

“பணத்தை இப்பவே திருப்பித் தர்றேன். இல்ல, இன்னிக்கே என் செலவுல பேட்டரியை மாத்தித் தர்றேன். நீ சொல்றதுதான்.”

அவள் சல்லடையில் ஒட்டியிருந்த கம்பளி இழையைப் பிய்த்துப் போட்டாள். “மாத்துங்க. ஆனா ராத்திரி வண்டி வெளியிலதான் நிக்கணும். காலையில நானே கிளப்பிப் பார்ப்பேன்.”

அன்றே புது பேட்டரி போட்டு, சல்லடையையும் சுத்தம் செய்தாயிற்று. மறுநாள் காலை காரின் கண்ணாடியெல்லாம் பனி பூத்திருந்தது. ஹூலான் முன்மூடியைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. தானே கிளப்பினாள். பின்சீட்டுப் பக்கம் குனிந்து காற்று போகிறதா என்று சல்லடையில் கை வைத்துப் பார்த்தாள். மேட்டுச் சாலையில் ஏற்றி இறக்கி, பேட்டரி அளவு ஏறி இறங்கித் தடுமாறுகிறதா என்று கவனித்தாள். வண்டி சீராக ஓடியது. திரும்பி வந்து லுவ்சானைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சாரன் நான்கு சக்கரத்துக்கும் பால் தெளித்தாள். கார் தெருமுனை திரும்பும்வரை கரண்டியால் வானத்தை நோக்கித் தெளித்துக்கொண்டே நின்றாள்.

தோமோருக்குத்தான் பொறுக்கவில்லை. “எல்லாரும் உங்களை மாதிரி வித்தா நான் கடையை மூட வேண்டியதுதான்.”

“தாராளமா மூடு” என்றாள் சாரன். “அக்கா சொல்றேன், கேட்டுக்கோ. குறையைச் சொல்லி வித்தா அது வியாபாரம். மறைச்சு வித்தா, வாங்குறவங்க எங்க செத்தாலும் அந்தச் சாவுல நமக்குப் பங்கு உண்டு. அழிச்சது விளக்கைத்தானேடா, பழுதையா அழிச்சே?”

மிச்சமிருந்த பாலைச் சாரன் தோமோரின் கையில் கொடுத்தாள்.

“போ. உன் ஷெட்டுல இருக்கிற வண்டிங்களுக்குத் தெளி பார்ப்போம். கை வருதான்னு பாரு.”