கடிதம் கேட்டவர்கள்

ஜெயரூபினியின் சட்டை முதன்முதலில் நனைந்தது நண்டுக் கொம்பனியில் வைத்துத்தான். முள்ளிவாய்க்காலில் இருந்து பஸ்ஸில் போய், அவித்த நண்டின் சதையைக் கோதிலிருந்து பிரித்தெடுப்பது அவளுடைய வேலை. பக்கத்தில் நின்ற பிரேமிளா கண்டுவிட்டு, "என்னடி, தண்ணி ஊத்திப்போட்டியே?" என்று கேட்டாள். கழிவறைக்குள் போய்ப் பார்த்தபோது அது பால்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. கலியாணமாகவில்லை. மாதவிலக்கு நின்று ஏழு மாதமாகியிருந்தது. தலையிடி வேறு. எதையும் அவள் யாருக்கும் சொல்லவில்லை.

சட்டை திரும்பத் திரும்ப நனைவதைக் கண்டவர்கள் பால்தான் என்று ஊகிக்க, ஒரு கிழமைக்குள் ஊரில் கதை பரவிவிட்டது. எங்கேயோ பிள்ளை பெற்றுக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாளாம். அவளுக்கு நிச்சயித்திருந்த கிறிஸ்ரியின் வீட்டார், மாதா கோயிலில் கலியாண அறிவித்தல் வாசிப்பதை நிறுத்தச் சொன்னார்கள். தாய் மார்கிறட் குசினிக்குள் இருந்து அழுதாள்.

"வவுனியாவில மாமி வீட்டை கொஞ்சக்காலம் போயிரு அக்கா," என்றான் தம்பி றஜித்.

"நான் ஏன் ஒளிக்கவேணும்? நான் ஆஸ்பத்திரிக்குப் போறன்."

ஆஸ்பத்திரியில், வரிசையில் ஆட்கள் நிற்க, பதிவு எழுதியவள் மூன்றுதரம் கேட்டாள், பிள்ளை பெற்றாயா என்று. மூன்றாந்தரம் ஜெயரூபினி குரலை உயர்த்தினாள். "இல்லை. என்ன ரெஸ்ற் வேணுமெண்டாலும் எடுங்கோ. இதை மட்டும் இன்னொருக்காக் கேளாதேங்கோ."

இரத்தம் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பித் தலையை ஸ்கான் செய்தார்கள். டொக்டர் சுதர்சினி படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார்.

"மூளைக்குக் கீழ ஒரு குட்டிச் சுரப்பி இருக்கு, தங்கச்சி. கபச்சுரப்பி. அதில எட்டு மில்லிமீற்றரில ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. தாய்மாருக்குப் பால் சுரக்க வைக்கிற ஓமோனை அது கண்டபாட்டுக்குச் சுரக்குது. மாதவிலக்கு நிண்டதும் அதாலதான்."

"வெட்டவேணுமோ?"

"அனேகமாத் தேவைப்படாது. குளிசையில சுருங்கிடும். கிழமைக்கு ரெண்டு நாள், அரைக் குளிசை."

மறுநாள் மத்தியானம், கொம்பனியில் எல்லோரும் சாப்பிட இருந்த நேரம் ஜெயரூபினி எழுந்து நின்றாள்.

"பிரேமிளா அக்கா, அண்டைக்கு நீங்கள் கண்டது பால்தான். எனக்குத் தலைக்குள்ள ஒரு கட்டி. கபச்சுரப்பிக் கட்டி எண்டு பேர். ஆருக்கும் சந்தேகம் இருந்தால் என்னட்டைக் கேளுங்கோ. எனக்குப் பின்னால நிண்டு கதையாதேங்கோ."

அவள் இருந்து சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள்.

குளிசை எடுத்ததும் முதலில் வயிற்றைக் குமட்டியது, தலையைச் சுற்றியது. அப்படியும் வேலைக்குப் போனாள். மூன்று மாதத்தில் பால் நின்றது. நாலாவது மாதம் மாதவிலக்கு வந்தபோது கிணற்றடியில் தனியே நின்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு கிறிஸ்ரி வீட்டிலிருந்து ஆள் வந்தது. கலியாணம் நடக்கட்டுமாம். அவள் பிள்ளை பெறாதவள் என்று டொக்டர் ஒரு கடிதம் மட்டும் தரவேண்டுமாம்.

மார்கிறட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. "ஒரு துண்டுக் கடுதாசிதானே பிள்ளை. அவா எழுதித் தருவா."

"தருவா. நான் கேக்கமாட்டன்."

பின்னேரம் கிறிஸ்ரியே மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் நின்றான். "அம்மான்ர மனம் ஆறத்தான் கேக்கிறம், ரூபி."

"உங்களுக்கு என்னில நம்பிக்கை இருக்கோ?"

"கடிதம் இருந்தால் பிறகு ஒரு கதையும் வராதுதானே," என்றான் அவன்.

"அப்ப போயிட்டு வாங்கோ. கடிதத்தைக் காட்டி நான் ஆருக்கும் பெண்சாதியாக மாட்டன்."

இரண்டு நாள் மார்கிறட் மகளோடு கதைக்கவில்லை. ஆனால் அடுத்த கிளினிக்குக்குத் தானும் வருவேன் என்று வெளிக்கிட்டாள். புது ஸ்கானில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஊர்க்காரி ஒருத்தி குனிந்து, ஆஸ்பத்திரியில் என்ன அலுவல் என்று மெல்லக் கேட்டாள். மார்கிறட் முழுப் பஸ்ஸுக்கும் கேட்கச் சொன்னாள்:

"என்ர மோளுக்குத் தலைக்குள்ள ஒரு கட்டி. மருந்தில வத்திக்கொண்டு வருது. வேற என்ன கேக்கவேணும்?"