இஷ்ராகா வெட்ட மறுத்த சொல்

1.

ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லுக்காக நானும் இஷ்ராகாவும் போட்ட சண்டையிலிருந்து வந்த கதை இது. முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

சூடானின் கார்ட்டூமில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இஷ்ராகா, குண்டுச் சத்தம் கேட்ட காலையில் புத்தகத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டு எழுந்தாள், பிறகு

(வேண்டாம். போரில் தொடங்கினால் மீதிக் கதையையும் போரே தின்றுவிடும். ஆனாலும் வரியை அடிக்க மனமில்லை, கிடக்கட்டும்.)

2.

கெய்ரோவில் ஃபைசல் தெருவில் எங்கள் கட்டடம் முழுக்க என்னைப்போல் போருக்குத் தப்பி வந்த சூடான்காரர்கள்தான். இஷ்ராகா எதிர்வீடு. படிப்பைத் தொடர இடம் கேட்டு ஒரு பல்கலைக்கழகத்துக்கு அவள் கட்டுரை அனுப்ப வேண்டும். அன்று மாலையே கடைசி. 'என் படிப்பு இன்டரப்ட் ஆனது' என்று எழுதிவிட்டு, ஆங்கிலம் சரியா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

எழுதுகிறவனிடம் காட்டினால் சும்மா இருப்பானா? ஒருவர் பேச்சில் குறுக்கிட்டால் பேச்சு தடைபடும், ஆனால் முடிந்துபோகாது, அப்படி மறுபடி தொடரக்கூடியதற்குத்தான் அந்தச் சொல் என்றேன். உன் கல்லூரி எரிந்துவிட்டது, சான்றிதழும் கையில் இல்லை, 'நின்றுவிட்டது' என்பதுதான் நேர்மை என்றேன்.

"அர்த்தம் தெரியாம போட்டேன்னு நெனச்சீங்களாண்ணா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

3.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வீட்டுக்கு வந்தவரிடம் 'வேலையிருக்கிறது' என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக்கு எழாது.)

கீழ்வீட்டு சித்தானா அக்கா பால் தேநீரோடு வந்திருந்தார். இஷ்ராகா மடிக்கணினியை மூடினாள். அம்மா நலமா, அம்மாவின் முட்டி நலமா, கூடப்பிறந்த அக்காவின் குழந்தை நலமா என்று அவர் ஒன்றையும் விடாமல் விசாரித்தார். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் கோப்பையை மட்டும் நீட்டினேன்.

"டாக்டருக்குப் படிச்சியே, எல்லாம் போச்சேம்மா," என்று உச்சுக்கொட்டினார் அக்கா.

"படிச்சிக்கிட்டுதான் இருக்கேன் அக்கா. நடுவுல சண்டை வந்துச்சு. இப்ப நீங்க வந்திருக்கீங்க."

நான் திகைத்துப்போனேன். சித்தானா அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவை உள்ளே தாழிட்டார். இனி எவர் தட்டினாலும் திறக்கப்போவதில்லை என்று நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்துகொண்டார். விருந்தாளி கண்ணெதிரே இஷ்ராகா கணினியைத் திறந்தாள். எங்களில் யாரும் செய்யாத காரியம் அது.

அந்தச் சொல்லை மாற்றாமலே அனுப்பினாள். நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

4.

இந்தக் கதையின் ஒரு முடிவில் அவளுக்கு இடம் கிடைத்தது. இன்னொன்றில் கிடைக்கவில்லை. இரண்டையும் எழுதிக் கிழித்துப்போட்டேன். உண்மையில் பதிலே இன்னும் வரவில்லை. அவளோ யாரிடமோ அதே புத்தகத்தை இரவல் வாங்கி, விட்ட பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சொல் சரிதான் என்று நான் ஒப்புக்கொண்டாகிவிட்டது.

முதல் வரியை அடிக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. இதோ மீதி:

கெய்ரோவில் அதே பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தாள், பிறகு

முற்றுப்புள்ளியை நான் வைக்கவில்லை. அவளைக் கேட்காமல் நீங்களும் வைத்துவிடாதீர்கள்