இருபத்தொன்பதாம் நாள்

1

பல் வைத்தியரிடம் கிளம்பும்போது டாக்டர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார்.

"தையலெல்லாம் வெளியே தெரியுது" என்றாள் மனைவி.

"தெரியட்டும். அவரு பல்லைத்தானே பார்க்கப்போறாரு."

ஒன்றரை மணி நேரம் கழித்து, காத்திருப்பு அறையில், ஒரு பழைய வார இதழ் மடியில் விரிந்து கிடக்க, அவர் இல்லாமல் போனார். பக்கத்தில் இருந்தவர் தூங்குகிறார் என்று நினைத்து மின்விசிறியைக் கூட்டி வைத்தாராம்.

கதையை இப்படித் தொடங்கக் கூடாதாம். அவர் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையம் நினைவு மலர் போடுகிறது. இயக்குநர் தொலைபேசியில் என்னிடம் கட்டுரை கேட்டார். ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை.

"அண்ணி, எழுநூறு வார்த்தை போதும். நுண்ணோக்கி மேல தலை சாய்ஞ்சுட்டாருன்னு ஆரம்பிச்சா மனசைத் தொடும்."

"அவர் பல் டாக்டர்கிட்ட செத்தார் தம்பி."

"தெரியும் அண்ணி. ஆனா மலருக்குப் பல்லு பொருந்தாதே."

(அந்த மனைவி நான்தான். 'நான்' என்று எழுதினால் இரண்டாவது வரியிலேயே கண்ணீர் மறைக்கிறது. அழுகையை அவளிடம் தள்ளிவிட்டு நான் எழுத்துப்பிழை பார்த்துக்கொள்கிறேன்.)

2

முதல் முயற்சி: 'மலேரியாவை ஒழிக்கவே பிறந்த அவர்—' அடித்துவிட்டேன். அவர் தூங்கப் பிறந்தவர். பேருந்துக் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவார்.

இரண்டாம் முயற்சி: 'அவர் கண்ட மருந்து ஆயிரக்கணக்கான உயிர்களை—' இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஆத்திரம் கூடுகிறது. மருந்து நல்ல மருந்து. மூன்றே நாளில் காய்ச்சலை இறக்கியது. என்ன செய்தது என்பதோடு, என்ன செய்யத் தவறியது என்பதையும் நிலையம் சொல்லியிருந்தால் போதும்.

மூன்றாவதாக, வாசகரே, நேராகவே சொல்லிவிடுகிறேன். மலேரியா வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, கிருமி இருக்கிறதா என்று இருபத்தெட்டு நாள் பார்ப்பது திட்டம்.* இருபத்தெட்டாம் நாள் எல்லாரும் சுத்தம். நிலையத்தில் இனிப்பு கொடுத்தார்கள். டாக்டர் மட்டும், "இன்னும் ரெண்டு வாரம் பார்த்துடுவோம்" என்றார்.

* இருபத்தெட்டு என்று எழுதியவரும் அவரே. முதலில் நாற்பத்திரண்டு என்றுதான் போட்டார். அன்றாடம் வேலைக்குப் போகிறவர்கள் ஆறு வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய மாட்டார்கள் என்று அதைக் குறைத்தார். இதை மறைத்தால் என் கதாநாயகன் இன்னும் நன்றாக வருவார். மறைக்கிற வேலைக்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

3

முப்பத்தைந்தாம் நாள் காலை. மூக்குக்கண்ணாடியை மறந்துபோன கணவருக்கு அதைக் கொடுக்க வந்த மனைவி சோதனைக்கூட வாசலில் நின்றாள். உள்ளே ஸ்லைடு பார்க்கிற அம்மா. கண் கூர்மைக்காக எல்லாரும் அவரைக் கழுகம்மா என்பார்கள்.

"சார், இங்க வாங்க. மோதிரம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு."

(இளம் மலேரியாக் கிருமி ரத்த அணுவுக்குள் மோதிரம் போலத் தெரியும்.)

"ஒண்ணா?"

"ஒண்ணா? கல்யாண வீடு சார்."

டாக்டர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "வேற பிள்ளையோடதை மாத்தி வச்சுட்டீங்களா?"

"இருபது வருஷத்துல ஒரே ஒரு தடவை மாத்தினேன். அதுவும் உங்க ரத்தத்தை. நம்பலேன்னா நீங்களே மறுபடி குத்தி எடுங்க."

எடுத்தார். மோதிரம்தான். முப்பத்தெட்டாம் நாளுக்குள் பத்துப் பிள்ளைகள்.

அன்று மாலை இயக்குநர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "புதுசா கொசு கடிச்சிருக்கும்ணே."

"மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தாச்சு. அதே பழைய கிருமி. ஒளிஞ்சிருந்து திரும்பி வந்திருக்கு."

"இருபத்தெட்டுன்னு போட்டது யாருண்ணே? நீங்கதானே? அதுக்கு மேல திட்டத்துல நாளே கிடையாது. இல்லாத நாள்ல வந்த காய்ச்சலை நான் எங்க எழுதுறது?"

"அந்தப் பிள்ளைங்ககிட்ட போய்ச் சொல்லு, இது இல்லாத நாளுன்னு."

மறுநாள் பரிசோதனை அறை பூட்டப்பட்டது. டாக்டரிடமிருந்து சாவி வாங்கப்பட்டது. அந்த முப்பத்தொன்பதாம் நாளில் பதினோராவது பிள்ளை வந்தாள். ஐந்து வயது. ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பாமல் விரலையே உற்றுப் பார்க்கிறவள். காய்ச்சலில் கொதித்தவளைத் தாய் தோளில் போட்டிருந்தாள்.

"பரிசோதனை முடிஞ்சுபோச்சும்மா" என்றார் காவலாளி. "உன் பிள்ளைக்குத்தான் குணமாயிடுச்சே. இது வேற காய்ச்சலா இருக்கும்."

தாய் அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? சொன்னது பெரிய கட்டடத்தின் வாசல். மூன்று நாள் கழித்து அந்தக் குழந்தை—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை. உங்களுக்குப் புரிந்துவிட்டது.)

4

இங்கே டாக்டர் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஏன் தெருவில் இறங்கிக் கத்தவில்லை? மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். பதினேழு கடிதம். பதினேழிலும் 'பணிவுடன்'.

ஆனால் முதல் கடிதத்தின் முதல் வரைவில் 'இது கொலை' என்று எழுதியிருந்தார். அவர் எழுதுவதையெல்லாம் திருத்திக் கொடுப்பது மனைவியின் வழக்கம். அவள் அதை அடித்து, 'இது கவனக்குறைவு' என்று போட்டாள்.

"கொலைன்னு போட்டா படிக்கவே மாட்டாங்க" என்றாள். வேலை போய்விடும் என்ற பயத்தைச் சொல்லவில்லை.

அவர் பேனாவை எடுத்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். பதில் வரவில்லை. எட்டு மாதம் கழித்துப் பல் வலித்தது.

5

இதுவரை எழுதியதை அனுப்பினேன். இயக்குநர் கூப்பிட்டார்.

"அருமை அண்ணி. பல்லுகூட இருந்துட்டுப் போகட்டும். மூணாவது பகுதியை மட்டும் எடுத்துடுங்களேன்."

"எடுத்துட்டா என்ன தம்பி மிச்சம்?"

"அண்ணன் மிச்சம்."

"உங்க அண்ணன் அந்த மூணாவதுலதான் இருக்காரு."

"யோசிங்க அண்ணி. மலரைக் குழந்தைங்களும் படிப்பாங்க."

"எந்தக் குழந்தைங்க?" என்றேன். போன் வைக்கப்பட்டது.

ஆக, முடிவுகள்:

(அ) நுண்ணோக்கியின் மேல் தலை சாய்த்து மறைந்தார். மலரில் வரப்போவது இதுதான்.

(ஆ) இயக்குநர் மேடையில் குரல் உடைந்து மன்னிப்பு— எழுத ஆசைதான். அவர் குரலை நான் அறிவேன். உடையாது.

(இ) மனைவி அந்தத் தாயைத் தேடிப் போகிறாள். மனைவி என்ன மனைவி, நான்தான் போனேன். தாய் கதவைத் திறந்து, "நீங்க யாரு?" என்றாள். பதினேழு கடிதங்களைத் திருத்தியவளுக்கு அதற்கு ஒரு வார்த்தை அமையவில்லை.

எனவே முடிவை உங்களிடம் விடுகிறேன். அந்தக் குழந்தைக்கு நடந்தது ........... . அந்த இடத்தை நீங்களே நிரப்புங்கள். தயவுசெய்து என்னைப் போல மரியாதை பார்க்காதீர்கள்.

நிலையத்தின் அறிக்கையில், குணமடைந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவளையும் சேர்த்து.