பெரியம்மா மகள்

"உங்க தம்பி எப்பம்மா வர்றாரு?" என்று டாக்டர் கேட்டதும் அருள்மொழிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அவனுக்குத்தான் பொருந்தலன்னு ஆயிடுச்சே சார்."

"யார் சொன்னது? அவர் இன்னும் ரத்தமே குடுக்கலையே."

பக்கத்தில் நின்ற மகள் கலைமதி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். போன மாதம் தம்பி கார்த்திகேசன் போன் போட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடுத்துட்டு வந்தேங்க்கா, பொருந்தலன்னுட்டாங்க" என்று தழுதழுத்தானே. அழாதடா என்று அருள்மொழிதான் அவனைத் தேற்றினாள். படுபாவி, எவ்வளவு அழகாக அழுதான்!

டாக்டர் பொறுமையான மனுஷன். மறுபடி முதலிலிருந்து சொன்னார். ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு அடங்கியிருக்கிறது, ஆனால் அடங்கியே கிடக்கிற ரகம் இல்லை. கெட்டுப்போன செல்களில் ஏழாவது குரோமோசோம் ஜோடியில் ஒன்றைக் காணோம். போதாக்குறைக்கு எஃப்எல்டி-த்ரீ என்கிற ஜீனிலும் ஒரு பிழை. இப்படி இருந்தால் நோய் திரும்பி வரத்தான் பார்க்கும். வருவதற்குள் இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றியாக வேண்டும். கூடப்பிறந்தவர் முழுதாகப் பொருந்தினால் அதுதான் முதல் வழி. பெற்ற பிள்ளை பாதிதான் பொருந்தும். செய்யலாம், ஆனால் சிக்கல் கொஞ்சம் கூடுதல்.

"இது வம்சத்துல வர்றதா சார்?"

"இல்லம்மா. பொறக்கும்போது உங்களுக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு செல்லுல கோளாறு வந்து, அது பெருகிடுச்சு. தம்பிக்கோ பொண்ணுக்கோ இதனால பயம் இல்ல."

கிளியனூர் வீட்டுக்குப் போகலாம், கூட்டத்தில் அலையக் கூடாது என்று கலைமதி கெஞ்சினாள். அருள்மொழி காதிலேயே வாங்கவில்லை. மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தம்பி இருக்கிற மரக்காணத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். கூடப்பிறந்தது ஒரே ஒருவன். அம்மா போனபோது இடுப்பில் இருந்தவன். அவன் இப்படிச் செய்வானா, செய்வானா என்று வழி முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

குத்தகைக்கு எடுத்த உப்பளத்தின் வரப்பில் கார்த்திகேசன் போனும் கையுமாக நின்றிருந்தான். அக்காவைக் கண்டதும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"ரத்தம் குடுத்தியாடா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"வாயத் தொறந்து சொல்லு."

"எனக்குப் பேசி முடிச்சிருக்கற பொண்ணு வீட்ல யாரோ கெளப்பி விட்டுட்டாங்கக்கா. உனக்கு குரோமோசோம்ல குறையாம், அது குடும்பத்துக்கே ஓடுமாம், நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கும் வருமான்னு கேக்கறாங்க. மேல் பாத்தியில கசப்புத் தண்ணி நின்னா கீழ் பாத்தியில எறங்காம இருக்குமா? நானும் அதான் பயந்துட்டேன்."

"மேல் பாத்தித் தண்ணி நல்லாத்தாண்டா இருந்துச்சு. அப்பா, அம்மா, நீ, எல்லாருக்கும் நல்ல தண்ணி. எம் பாத்தியில மட்டும் கெட்டுப்போச்சு. டாக்டர் வாயால சொன்னாரு. சரி, அவங்க கிட்ட இன்னா சொன்ன?"

அவன் கால் விரலால் வரப்பு மண்ணைக் கீறினான்.

"நீ எங்க பெரியம்மா பொண்ணு, எங்க வீட்ல வளந்தன்னு சொல்லிட்டேன். ரத்தம் குடுக்க வந்தா தெரிஞ்சிடும்ல. நாத்தனார் முடிச்சுக்கு சித்தப்பா பொண்ணு ஜெயப்ரியாவ நிறுத்திக்கறோம். கல்யாணம் மட்டும் முடியட்டுங்க்கா, ஓடி வந்துடறேன்."

"அதுவரைக்கும் நோயி மண்டபத்து வாசல்ல ஒக்காந்திருக்குமாடா?"

அடுத்த பஸ்ஸிலேயே அவள் வீடு திரும்பினாள். தம்பி கல்யாணத்தில் தாலி முடிச்சுப் போடவென்று முன்பே எடுத்து வைத்த அரக்குச் சேலை பீரோவில் கிடந்தது. உப்பேற்றிக்கொண்டு பெங்களூர் போயிருந்த புருஷன் சக்கரபாணி விஷயம் கேட்டு, லாரியைத் திருப்பிக்கொண்டு வந்து அவனை உதைக்கிறேன் என்றான். வேண்டாம் என்று தடுத்தாள். உதைத்து வாங்குகிற ரத்தம் எதற்கு?

கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. ஜெயப்ரியா முடிச்சுப் போடுவதைக் கலைமதியின் போனில் பார்த்தாள். சரியாகக்கூடப் போடத் தெரியவில்லை அந்தப் பெண்ணுக்கு.

பிறகு கார்த்திகேசனே கூப்பிட்டான். "நாளைக்கு வர்றேங்க்கா. சத்தியமா வர்றேன்." பெற்றவள் போல வளர்த்த மனசு, வெட்கம் கெட்டது, உடனே இளகிவிட்டது. அவனுக்குப் பசிக்குமே என்று இட்லி கட்டி எடுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வந்தான். புது மனைவி வைஜெயந்தியும் கூட வந்திருந்தாள். பெரியம்மா மகளைப் பார்க்க நானும் வருவேன் என்று கிளம்பிவிட்டாளாம். நல்ல பெண். "ஒடம்பு எப்படிங்க இருக்குது?" என்று அருள்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தம் எடுக்கிற நர்ஸ் கண்ணாடிக் குழாயோடு வந்தாள். "கூடப்பொறந்தவங்களுக்குத்தான் இந்த டெஸ்ட் எழுதியிருக்கு. நீங்க பேஷண்டுக்கு இன்னா வேணும் சார்?"

ஒரு வார்த்தை. தம்பி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அருள்மொழி அவன் வாயையே பார்த்தாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான். பிறகு மனைவியைப் பார்த்தான். மடித்ததை மெதுவாக இறக்கிவிட்டான்.

"நாங்க... சொந்தம்" என்றான்.

உப்பளத்து வரப்பில் சொன்னது பயத்தில் சொன்னது என்று அவளே அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். இதற்கு என்ன சமாதானம் சொல்வாள்? உயிர் போகிற வலி என்பார்களே, அது ஊசியில் இல்லை.

"சித்தி பையன்மா அவரு" என்றாள் நர்ஸிடம். தம்பியை அவள் 'அவரு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "அவரு ரத்தம் எனக்குப் பொருந்தாது. பாதி பொருந்தினாலும் பரவாயில்ல, எம் பொண்ணுகிட்ட எடுங்க."

கலைமதி ஏற்கெனவே கையை நீட்டியிருந்தாள். கார்த்திகேசன் அக்கா என்று கூப்பிட வாயெடுத்தான், மனைவி நின்றதால் மூடிக்கொண்டான். அருள்மொழி இட்லிப் பொட்டலத்தை எடுத்து வைஜெயந்தியிடம் கொடுத்தாள்.

"தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. சாப்ட்டுட்டுப் போங்கம்மா."