நத்தார்க் கோச்சி

வவுனியா ரயில் நிலைய வாசலில் ஆமிக்காரன் ஸ்ரெல்லாவின் சட்டைப் பைக்குள் கைவிட்டபோது மார்கிறட் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஏழு வயதுப் பிள்ளையின் பையில் என்னதான் இருந்துவிடப் போகிறது? ஒரு பனங்கட்டித் துண்டு வந்தது. அவன் அதை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போகலாம் என்று தலையை அசைத்தான்.

உள்ளே குந்தவும் இடமில்லை. கொழும்பிலிருந்து வரவேண்டிய கோச்சி பிந்திவிட்டது. மேடையின் வடக்குப் பக்கம் தண்டவாளம் கொஞ்சத் தூரம் போய்ப் புல்லுக்குள் மறைந்திருந்தது. அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தெற்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அரசாங்கம் அந்தக் கோச்சிக்கு என்ன பெயர் வைத்திருந்ததோ, முல்லைத்தீவுக் கரையில் அது கிறிஸ்மஸுக்கு ஆட்களைக் கொண்டுவரும் நத்தார்க் கோச்சிதான். வருசம் முழுக்க ஓடாது. மார்கழியில் பள்ளிக்கூடங்கள் விட்டதும் கூடுதலாக விடுவார்கள், பொங்கலோடு நின்றுவிடும். வாடை பிறந்து கடல் கொந்தளிக்க, வள்ளங்களைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டுச் சனம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலம் அது. கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஆண்களெல்லாம் அதில்தான் வருவார்கள், மாங்குளத்தில் இறங்குவார்கள். கல்யாணம் முடிந்த வருசத்திலிருந்து மார்கிறட்டும் மார்கழியில் ஏதாவது ஒரு லொறியில் தொற்றிக்கொண்டு மாங்குளம் போய் நிற்பாள். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அந்த வருசம் கோச்சி வரவில்லை. அடுத்த வருசம் அரைவாசிப் பெட்டிகளோடு வந்தது. பிறகு பாதை உடைந்த வருசங்களில் பாதி வழியில் நின்றது. இந்திய ஆமி நின்ற காலத்தில் திரும்பவும் ஓடியது. எண்பத்தொன்பது மார்கழியில், இறங்குவதற்கும் பொறுமையில்லாமல், மூன்று வயது ஸ்ரெல்லாவை அல்பேர்ட் யன்னலுக்குள்ளால் தூக்கி எடுத்தான். அதுதான் கடைசி. அடுத்த ஆனியில் சண்டை தொடங்கியதும் வவுனியாவுக்கு அங்கால் கோச்சி என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குக் கூரையாயின.

அல்பேர்ட் தெற்கே அகப்பட்டுக்கொண்டான். மார்கிறட் பிள்ளையோடு கரையை விட்டு ஓடி, முத்தையன்கட்டில் நேசமலரின் வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டாள். நேசமலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் தண்ணீரை நம்பி வயல் செய்கிற பெண். முதல் நாள் மார்கிறட்டின் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்து, "உங்கட ஆக்கள் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டினமோ?" என்று கேட்டவள், அதன்பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் மரக்கறி கொடுத்தனுப்ப மறக்கவில்லை.

இந்த மாரிக்கு ஸ்ரெல்லாவுக்கு மலேரியா மூன்றாம் தரமும் வந்தது. வயிற்றில் மண்ணீரல் கல்லுப்போல வீங்கியிருந்தது. "மருந்து இல்லையம்மா. எப்பிடியும் வெளியில கொண்டுபோங்கோ" என்றார் டொக்டர். வெளியே போக, அந்தப் பக்கத்தை ஆண்ட இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை வேண்டும். போகிறவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவரைக் கொண்டுபோய்க் காவலில் இருத்துவார்கள், வீடு வளவும் போகும். நேசமலரின் புருசன் அப்புத்துரை வேண்டாமென்றுதான் சொன்னார். நேசமலர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மார்கிறட்டோடு நடந்துபோய்க் கையெழுத்து வைத்தாள்.

கோச்சி மத்தியானம் வந்தது. சனத்துக்குள்ளிருந்து அல்பேர்ட் வந்தான். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. பங்குச் சுவாமியார் மூலம் சொல்லி அனுப்பியிருந்ததால் அவன் வருவான் என்று தெரியும். தெரிந்திருந்தும் மார்கிறட் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"வளந்திட்டாள்" என்றான்.

ஸ்ரெல்லா தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"மூண்டு டிக்கெட் எடுத்திட்டன். ஆமிப் பாஸும் சரி. இதே கோச்சிதான் பின்னேரம் திரும்புது."

"எனக்குப் பிணை நிக்கிறது நேசமலரக்கா."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே சொல்லுறியள்?"

"நாலு வருசம், மார்கிறட்." அவன் அவளுடைய பையை வாங்கிக்கொண்டான். "அவாவுக்குப் புருசன் இருக்கிறார், ஊர் இருக்கு. ஏதோ சமாளிப்பா. எனக்கு ஆர் இருக்கினம்?"

பின்னேரம் அவன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னே போக, அவளும் பிள்ளையோடு பின்னால் போய் ஏறினாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. யன்னலோரம் இருந்தாள். முதுகைச் சாய்த்தபோது உடம்பெல்லாம் கழன்றதுபோல இருந்தது. பொம்பர் விமானத்தின் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் ஓர் இரவு தூங்கலாம். புருசனின் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடலாம். அவ்வளவுதான் கேட்டது மனம். நேசமலர் நல்லவள், அவளை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். இன்னொருமுறை சொன்னாள். மூன்றாம் முறை சொல்ல முடியவில்லை.

எழும்பினாள்.

"பிள்ளையைக் கொண்டு போங்கோ. ஆஸ்பத்திரியில காட்டுங்கோ. நான் போறன்."

அல்பேர்ட் அவள் கையைப் பிடித்தான். விரல்கள் நோகும்படி பிடித்தான். அவள் உதறவில்லை, அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். வெளியே மேடையில் ஒருவன் பச்சைக் கொடியை விரித்தான். அல்பேர்ட் கையை விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பி, "பிள்ளை கத்துவாள். தண்ணி வாங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு இறங்கு" என்றான்.

மார்கிறட் பிள்ளையின் முன்னால் குந்தினாள். தண்ணி என்று சொல்ல வாயெடுத்தாள், விட்டுவிட்டாள்.

"செல்லம், அம்மா வரேல்லை. நான் திரும்பிப் போகாட்டி நேசமலர் மாமியைப் பிடிப்பினம்."

ஸ்ரெல்லா யோசித்தாள். காய்ச்சலில் மஞ்சளித்த கண்கள் அசையாமல் நின்றன.

"மாமியைப் பிடிச்சா மாட்டுக்கு ஆர் புல்லுப் போடுறது?"

"அதுதான்."

"இந்த ஆளோடயோ நான் போறது?"

"அப்பா, செல்லம். உன்ர அப்பா."

பிள்ளை அல்பேர்ட்டை மேலும் கீழும் பார்த்தாள். அழவில்லை. பையிலிருந்த பனங்கட்டியை எடுத்து இரண்டாகக் கடித்து உடைத்து, ஒரு பாதியைத் தாயின் வாய்க்குள் திணித்தாள். கோச்சி அசைந்தது. மார்கிறட் குதித்தபோது மேடை நகர்ந்துகொண்டிருந்தது. விழுந்து, முழங்கை தேய, எழும்பித் திரும்பியபோது எந்த யன்னல் அவர்களுடையது என்று தெரியவில்லை. எல்லா யன்னல்களிலும் யாரோ கையசைத்தார்கள். எல்லாவற்றுக்கும் அவளும் கையசைத்தாள்.

அன்றிரவு கோவில் விறாந்தையில் படுத்துவிட்டு விடியத் தாண்டிக்குளத்துக்குப் போனாள். ஆமியின் தடை கடந்து, இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத அந்த வெட்டைவெளிக்குள் சனம் மூட்டை முடிச்சுகளோடு வரிசையாக நடந்தது. மழை தூறியது. அங்கால், இயக்கத்தின் பக்கம் போனதும், பாஸில் ரெண்டு பேர், நீ ஒருத்தி, பிள்ளை எங்கே என்று கேட்பார்கள். என்ன சொல்வதென்று ஒவ்வொரு சொல்லாக அடுக்கிப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

பின்னாலிருந்து யாரோ நெருக்கினார்கள். அந்த நெருக்கத்தில் குளிர்ந்த சின்னக் கையொன்று அவளுடைய இரண்டு விரல்களை இறுக்கிப் பிடித்தது. நாலைந்து வயதிருக்கும் ஒரு பொடியன். தலையில் சொப்பிங் பையைக் கவிழ்த்திருந்தான். முகத்தைத் தூக்காமல், தாயென்று நினைத்துக்கொண்டு, சேற்றைப் பார்த்தபடியே கூட நடந்தான். அவனுடைய தாய் எங்கோ பின்னால் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. மார்கிறட் திரும்பிப் பார்த்தாள், வாய் திறந்தாள், பாஸில் ரெண்டு பேர் என்பது நினைவில் வர மூடிக்கொண்டாள். பொடியன் ஒரு குழியைத் தாண்ட அவள் விரல்களில் தொங்கினான். அவள் கையைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தாள்.

முன்னால், மழைக்குள், காவல் கொட்டிலிலிருந்து ஒருவன் எழும்பி வெளியே வந்தான்.