சிவப்பு மூடித் தட்டு

...நரம்பாம் நரம்பு, திரையில் அந்தச் செல்கள் கைகால் நீட்டி நிற்க, அறையே கைதட்டியது, பேராசிரியரும் தட்டினார், தட்டாமல் எப்படி, பிரியான் புரதம் மாட்டு மூளையைக் கெடுக்கிற போக்கிரி மட்டுமல்ல, ஒழுங்காக மடிந்திருந்தால், இன்னும் எதுவாகவும் ஆகாத ஸ்டெம் செல்லை நரம்புச் செல்லாக ஆளாக்கிவிடும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர் அவர்தானே... பிரியான் உள்ள சிவப்பு மூடித் தட்டில் நரம்பு, பிரியானை நீக்கிய வெள்ளை மூடித் தட்டில் ஒன்றுமில்லை என்று மேடையில் அவருடைய மாணவி சொல்லச் சொல்ல அவருக்குக் காது மடல் சுட்டது. சிவப்பு மூடி! அன்று அவரைப் படமெடுக்க ஆய்வகத்துக்கு வந்த பத்திரிகைக்காரன், "சும்மா உக்காந்திருந்தா எடுப்பா இல்ல சார், கையில எதையாச்சும் பிடிங்க" என்றான், பிடித்தார், செல்களைக் கதகதப்பில் வளர்க்கிற, வருடக்கணக்காக அவர் தொடாத இன்குபேட்டரைத் திறந்து, கைக்கு வந்த சிவப்பு மூடியைத் தூக்கிப் பிடித்து, தொப்பையை உள்ளிழுத்து... எவ்வளவு நேரம்? கண்ணாடி மாட்டி ஒன்று, கழற்றி ஒன்று, ஏ.சி. காற்றுக்கு நேர் கீழே, வெள்ளை மூடி மட்டும் உள்ளே கதகதப்பாகக் கிடக்க. அன்று மாலைதான் இவள் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறாள். குளிரில் செல் சுருங்கும், ஓரங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு வால்போல நீளும், அசல் நரம்பு மாதிரியே, இதைப் பிள்ளைகளுக்கு நடத்துகிறவரும் அவர்தான், "ஏமாந்துடாதீங்கப்பா" என்று அறிவுரை வேறு. ஆக, அதுகளும் போஸ் கொடுத்திருக்கின்றன.

சொல்லிவிடலாமா, இன்னொரு தடவை செய்து பாரும்மா என்று பட்டும் படாமலும்... ஏன் சார் என்பாளே, தொப்பையை உள்ளிழுத்த கதையையா சொல்வது, சொல்லாவிட்டால் கட்டுரை அச்சுக்குப் போய்விடும், நாளை எவனாவது செய்து பார்த்து வரவில்லை என்றால் பொய்க்காரிப் பட்டம் அவளுக்கு, அவர் வேறு மேடைக்குப் போயிருப்பார்... "தட்டப் பாக்காம கேமராவப் பாக்கறீங்களே" என்று பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து மனைவி சிரித்தபோது, "உனக்கென்ன தெரியும்" என்று சீறினாரே, என்னதான் தெரியாது அவளுக்கு?

கடைசிப் படம் விழுந்தது. மேலே நன்றி, கீழே அதே பத்திரிகைப் படத்தில் அவர், திரை நிறைய, நிமிர்த்திய முகவாயும் சிவப்பு மூடியுமாக, மூடிமேல் மாணவி எழுதிய தேதியைக்கூடப் படிக்க முடிகிற மாதிரி. "ஹீரோ சார்!" என்றது பின்வரிசை, சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

"நீங்க ஏதாச்சும் சொல்லணுமா சார்?"

தொண்டையைக் கனைத்தார்... எத்தனையோ படம் கிடக்க இதை எதற்குப் போட்டாள், மரியாதையிலா, இல்லை மூடியைப் பார்த்துவிட்டுத்தானா, அப்படியானால் இவ்வளவு நேரமும் திரையில் ஓடியது யாருக்கு வைத்த சோதனை... கனைப்பும் முடிந்துவிட்டது.